ஒருவருக்கான அளவு

எனக்கு எவ்வளவு பெரிய வீடு தேவை என்பதை முடிவு செய்ய எங்கள் அடுக்ககத்தில் ஒரு குழு இருப்பது, என் மனைவி ஜெரூஷா இறந்த பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது.

அடுக்ககத்தின் பெயர் சௌபாக்யா க்ரோவ். மேடவாக்கத்தில், தாம்பரம் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால், தண்ணீர் லாரிகள் ஓடி ஓடிக் குழி விழுந்த தெருவின் கடைசியில் இருக்கிறது. மூன்று பிளாக்குகள், ஒரு பிள்ளையார், எப்போதும் பூட்டியிருக்கும் ஓர் உடற்பயிற்சிக் கூடம். பி பிளாக் இரண்டாம் மாடியில் இரண்டு படுக்கையறை வீட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். இரண்டாவது அறை யாருக்கு என்று பேசி வைத்துத்தான் எடுத்தோம். பேசியபடி நடக்கவில்லை. போன மழைக்காலத்தில் அவளுக்கு டெங்கு வந்தது.

அசோசியேஷன் தலைவர் ஸ்ரீநிவாசராகவன் ஓர் உர நிறுவனத்தில் கிடங்கு மேலாளராக இருந்தவர். ஓய்வு பெற்ற மறுவாரமே அடுக்ககத்தைக் கிடங்காக நடத்தத் தொடங்கிவிட்டார். கேட்டைத் தாண்டி எந்தப் பொருள் வெளியே போனாலும், அது திரும்பி வருமா வராதா என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்பது அவர் கொண்டுவந்த முறை. ஜெரூஷாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன காலையில் வாட்ச்மேன் சிட்டிபாபு ஆட்டோவை நிறுத்தினார். அவள் தலைக்குக் கீழே ஒரு தலையணை இருந்தது.

“தப்பா நென்ச்சுக்காதீங்க சார். தலாணி திரும்பி வருமா?”

“வரும்” என்றேன்.

தலையணை திரும்பி வந்தது.

அடக்கம் முடிந்த வாரம் அசோசியேஷன் கூட்டத்தில் இரண்டு நிமிட மௌன அஞ்சலி செலுத்தினார்கள். ஒரு நிமிடம் ஆனதும் தண்ணீர் லாரி வந்து ஹாரன் அடித்தது. மீதி மௌனம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. தலைவர் அதைக் குறிப்பில் ஏற்றச் சொன்னார். பாக்கி வைப்பது அவருக்குப் பிடிக்காது.

பிறகு ஒருநாள், அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில், எனக்கு ஆறுதலாகப் போட்டிருந்த மெழுகுவர்த்திப் படங்களுக்கு நடுவே அவருடைய செய்தி வந்தது: ‘பி பிளாக் இரண்டாம் மாடியில் அளவு உபரி ஏற்பட்டுள்ளது. குழு பார்வையிடும். ஆழ்ந்த அனுதாபங்கள்.’

லிஃப்ட் அருகே ஒட்டியிருந்த அட்டவணையை அன்றுதான் படித்தேன். அதுவரை அதைத் தண்ணீர் திறக்கும் நேரம் என்று நினைத்திருந்தேன். ஒரு படுக்கையறை: கணவன், மனைவி. இரண்டு படுக்கையறை: கணவன், மனைவி, குழந்தை அல்லது பெரியவர். மூன்று படுக்கையறை: மேற்படியார் அனைவரும். கீழே, ‘ஆள் கூடினாலும் குறைந்தாலும் அளவுப் பொருத்தக் குழுவிடம் தெரிவிக்கவும்’ என்று இருந்தது. ஏ பிளாக்கில் மகன் கனடா போன குடும்பத்தை இந்தக் குழு மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கியிருக்கிறது. மகன் விடுமுறைக்கு வந்தபோது மறுபடி ஏற்றியிருக்கிறது. அவன் பெட்டியைப் பிரிப்பதற்குள் விடுமுறை முடிந்துவிட்டது.

“அப்படியானால் நாங்கள் இரண்டு பேர் எப்படி இரண்டு படுக்கையறையில் இருந்தோம்?” என்று ஷ்யாம்சுந்தரிடம் கேட்டேன். எதிர் வீடு. சொந்த வீடு. அசோசியேஷனில் இணைச் செயலாளர்.

“புதுசா கல்யாணம் ஆனவங்களுக்கு எடம் விட்டுக் குடுப்பாங்க மச்சான். உன் வீட்டுக்கு நேரா ‘வரவேண்டிய சரக்கு ஒண்ணு’ன்னு போட்டிருந்தாரு பெருசு.”

ஷ்யாம் என் நண்பன். ஜெரூஷாவுக்கு பிளேட்லெட் கொடுத்தவன். அவன் மனைவி ரோஹிணியும் ஜெரூஷாவும் மாலையில் மொட்டை மாடியில் நடப்பார்கள். ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் ரோஹிணிதான் எனக்குச் சோறு கட்டிக்கொடுத்தாள்.

“பயப்படாத. கமிட்டில நான் இருக்கேன்ல” என்றான்.

எனக்குப் பயமில்லை. நானும் சிறிய வீடுதான் தேடிக்கொண்டிருந்தேன். சி பிளாக்கில் ஒரு படுக்கையறை வீடு காலியாகியிருந்தது. அதன் உரிமையாளர் சம்மதித்துவிட்டார். அசோசியேஷன் ஒப்புதல் மட்டும் பாக்கி.

கேளம்பாக்கம் பக்கம் இதைவிட நல்ல வீடு கிடைக்கும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். கிடைக்கும். ஆனால் புது இடத்தில் முதல் கேள்வி ‘எத்தனை பேர்?’ அடுத்தது, ‘ஒருத்தரா, ஏன்?’ சௌபாக்யா க்ரோவில் அந்தக் கேள்வி கிடையாது. வாட்ச்மேனிலிருந்து அயர்ன்காரர் வரை எல்லோருக்கும் தெரியும். நான் யாரிடமும் அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டாம். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

குழு ஒரு சனிக்கிழமை வந்தது. தலைவர், ஷ்யாம், பிறகு நாகலக்ஷ்மி அம்மாள். அவர் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவர். கையில் டேப் வைத்திருந்தார். இரண்டாவது அறையில் துணி காயப்போட்டிருந்தேன்.

“இந்த ரூமை யாரு யூஸ் பண்றா?”

“துணி காய்கிறது.”

“துணிக்கு ஒரு பெட்ரூமா?” என்று தலைவரைப் பார்த்தார். தலைவர் கண்ணை மூடித் திறந்தார்.

அடுத்த அறையில் கட்டிலை அளந்தார்.

“எந்தப் பக்கம் படுக்கறீங்க தம்பி?”

“இடது.”

“வலது?”

“காலி.”

“சார், அரைக் கட்டில் உபரி” என்றார்.

நான் சொன்னேன்: “நீங்கள் சொல்வது சரி. எனக்கு இந்த வீடு பெரிது. அதனால்தான் சி பிளாக் ஒரு படுக்கையறை வீட்டைக் கேட்கிறேன்.”

தலைவர் சோபாவில் உட்கார்ந்தார். அனுபவமுள்ளவர்கள் வருத்தப்படும்போது உட்காருகிற மாதிரி உட்கார்ந்தார்.

“மிஸ்டர் எபிநேசர், அது தம்பதிக்கான வீடு.”

“ஒருவருக்கு அது போதும்.”

“போதுமா போதாதாங்கறது இல்லை. பொருந்துமாங்கறதுதான் கேள்வி. கோதுமைக் கிடங்கு காலியா இருக்குன்னு அதுல யூரியாவை வைக்க முடியுமா?”

“அப்படியானால் ஒருவருக்கான அளவு எது?”

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாகலக்ஷ்மி அம்மாள்தான் பதில் சொன்னார்.

“ஒருத்தர்ங்கறது அளவே இல்லையே தம்பி. ஒருத்தர்னா பேச்சுலர். பேச்சுலருக்கு இங்க அலவ்டு இல்ல.”

“நான் கல்யாணமானவன்.”

“இருந்தீங்க.”

“அம்மா எங்க இருக்காங்க?” என்று ஷ்யாம் கேட்டான். உதவி செய்வதாக நினைத்திருப்பான்.

“நாசரேத்தில். அண்ணன் வீட்டில்.”

“கூப்பிட்டு வெச்சுக்கோயேன். ரெண்டு பேர் ஆயிடுமே.”

தலைவர் மறுத்தார். “அம்மாவும் பிள்ளையும் தம்பதி ஆக முடியாது. ஒரு பெட்ரூம் கிடையாது. ரெண்டு பெட்ரூம்னா மூணு பேர் வேணும்.”

“சீனியர் சிட்டிசன் கோட்டால விடலாமா? அதுல தனி ஆளுக்கு இடம் உண்டு” என்றார் நாகலக்ஷ்மி அம்மாள். “வயசு என்ன தம்பி?”

“முப்பத்துமூன்று.”

“பாத்தா அதிகமா தெரியுது” என்றார் அன்போடு.

தலைவர் யோசித்தார். “மனிதாபிமான அடிப்படையில ஒண்ணு செய்யலாம். உத்தேச மனைவின்னு தற்காலிகமா போட்டுத் தரேன். ஆறு மாசம் டைம். அதுக்குள்ள பூர்த்தி பண்ணிடணும்.”

“ஒங்க சர்ச்லயே பாப்பாங்களே” என்றார் நாகலக்ஷ்மி அம்மாள், டேப்பைச் சுருட்டிக்கொண்டே.

வேண்டாம் என்றேன். தலைவரின் முகம் மாறியது. சலுகையை மறுப்பவர்களைக் கிடங்கில் அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது.

அடுத்த வாரம் அலுவலக வண்டிக்கு நிற்கும்போது ஷ்யாம் என்னைத் தனியே இழுத்தான்.

“மச்சான், நேத்து கேட் ஆப்ப நோண்டிக்கிட்டு இருந்தேன். ஒண்ணு கண்டுபிடிச்சேன். ஜெரூஷா இன்னும் மூவ்-அவுட் ஆகலடா.”

“என்ன?”

“சிஸ்டப்படி சொல்றேன். காலி பண்றவங்க ஆப்ல மூவ்-அவுட் போடணும். அவங்க போடல. அப்ப ரூல்படி நீ இன்னும் கப்பிள்.”

அது உண்மைதான். கூரியர்காரர் கேட்டில் வந்து நின்றால் அந்த ஆப் வழியாக இரண்டு போன்களிலும் மணி அடிக்கும், என்னுடையதிலும் அவளுடையதிலும். அவள் போனை நான் நிறுத்தவில்லை. கேஸ் இணைப்பு அவள் எண்ணில் இருந்தது. கரன்ட் பில்லும் அதற்குத்தான் வரும். அதனால் சார்ஜ் போட்டு வைத்திருந்தேன். அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

“ஷ்யாம், இது வேண்டாம்.”

“நீ ஒரு பொய்யும் சொல்ல வேணாம்டா. கப்பிள்னு மட்டும் அப்ளை பண்ணு. யாரும் கேக்க மாட்டாங்க. கேட்டா நான் எந்திரிச்சுப் பேசறேன். ஜெனரல் பாடில பாஸ் பண்ணிடலாம். என் மேல நம்பிக்கை இல்லையா?”

இருந்தது. தவிர, அவள் இன்னும் போகவில்லை என்று ஒருவன் சொல்லும்போது, இல்லை போய்விட்டாள் என்று நான் வாதாட வேண்டியிருந்தது. அதற்குத் தெம்பில்லை. சரி என்றேன்.

பொதுக்குழு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கார் நிறுத்துமிடத்தில், கார்களுக்கு நடுவே நாற்காலி போட்டு நடந்தது. ஆராதனை முடிந்து நேராக வந்தேன். கடைசி வரிசையில் ஒரு பைக்கின் மேல் சாய்ந்து நின்றேன். வாடகைதாரர்களுக்கு நாற்காலி கிடையாது.

முதலில் பாக்கியிருந்த ஒரு நிமிட மௌனம் நிறைவேற்றப்பட்டது. தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். “பூர்த்தி” என்றார். எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

பிறகு சி பிளாக் வீடு வந்தது. தலைவர் படித்தார்: “விண்ணப்பதாரர் எபிநேசர், தம்பதி.” கூட்டத்தில் யாரோ இருமினார்கள். ஷ்யாம் எழுந்தான். நான் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன்.

“எல்லாருக்கும் வணக்கம். எபி எனக்குத் தம்பி மாதிரி. என் ரத்தம் அவன் வொய்ஃப் ஒடம்புல ஓடிச்சு. அந்த உரிமைலதான் பேசறேன். யாரும் தப்பா எடுத்துக்கக் கூடாது.”

கை தட்டினார்கள்.

“செத்துப்போன ஒருத்தங்கள உயிரோட இருக்கறதா காட்டி வீடு கேக்கறது எந்த ஊரு நியாயம்? நம்ம ஆப்ல ஒரு ஓட்டை இருக்குன்னு எனக்குத் தெரியும். எனக்கு எப்படித் தெரியும்கறது முக்கியம் இல்ல. அத யூஸ் பண்ணலாமான்னு இவன் யோசிச்சான் பாருங்க, அதான் எனக்குத் தாங்கல. துக்கத்துல இருக்கற ஆளுக்கு இப்படியெல்லாம் மூளை வேல செய்யுமா?”

நான் அவனைப் பார்த்தேன். அவன் தூணில் எழுதியிருந்த கார் எண்ணைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான்.

“இன்னொண்ணும் ஓப்பனா சொல்லிடறேன். நான் நைட் ஷிஃப்ட் போறவன். ரோஹிணி வீட்ல தனியா இருக்கா. எபி நல்லவன். அவன் நல்லவன்னு நானே கேரண்டி குடுப்பேன். ஆனா தனியா இருக்கற நல்லவனுக்கு யாரு கேரண்டி குடுப்பா?”

“அவர் கேக்கறது சி பிளாக்தானே? உங்க எதிர் வீட்டையே விட்டுட்டுத்தானே போறாரு?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். அவர் அடுக்ககத்துக்குப் புதியவர்.

நாகலக்ஷ்மி அம்மாள் எழுந்தார். “சி பிளாக் பால்கனிலேர்ந்து பாத்தா பி பிளாக் துணிக்கொடி தெரியும்.”

புதியவர் தலையாட்டி ஏற்றுக்கொண்டார்.

ரோஹிணி மூன்றாவது வரிசையில் இருந்தாள். குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரை எரியவில்லை.

தலைவர் தீர்ப்புச் சொல்லும் குரலில் பேசினார். “நமக்கு யார் மேலயும் விரோதம் கிடையாது. மிஸ்டர் எபிநேசரோட இழப்பு நம்ம எல்லாரோட இழப்பு. அதனாலதான் அந்த இழப்பை நாம முறைப்படி பதிவு பண்ணணும். ஸ்டாக்ல இல்லாததை இருக்குன்னு காட்டினா, நான் வேலை பார்த்த இடத்துல மெமோ குடுப்பா. இங்க நாம மெமோ குடுக்கலை. ஏன்னா இது ஒரு குடும்பம்.”

தீர்மானம் வாசிக்கப்பட்டது: ‘காலஞ்சென்ற திருமதி ஜெரூஷா சௌபாக்யா க்ரோவில் வசிக்கவில்லை என இப்பொதுக்குழு முடிவு செய்கிறது. அதன் விளைவாக, கணவர் எபிநேசர் பேச்சுலர் ஆகிறார். பேச்சுலர்கள் இங்கே வசிக்க அனுமதியில்லாததால், இம்மாத இறுதிக்குள் அவர் காலி செய்ய வேண்டும்.’

கை தூக்கினார்கள். ரோஹிணியின் கையும் மேலே போனது. தோளுக்கு மேலே அதிகம் போகவில்லை. ஆனாலும் எண்ணிக்கையில் சேர்ந்தது. ஏகமனதாக நிறைவேறியது என்றார் தலைவர். எனக்கு ஓட்டு இல்லாததால் அது சரிதான்.

அடுத்து தண்ணீர் லாரி பற்றிப் பேசினார்கள். நான் மாடிக்குப் போனேன்.

அந்த வாரமே சி பிளாக்கில் மூன்று மெத்தைகள் ஏறின. மூன்று இளைஞர்கள் அவற்றைத் தலையில் சுமந்துபோனார்கள். ஒருவன் ரோஹிணியின் தம்பி, சோழிங்கநல்லூரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன். மற்ற இருவரும் அவனோடு வேலை செய்பவர்கள். படியில் தலைவரைப் பார்த்தபோது கேட்டேன்.

“அவர்கள் பேச்சுலர்கள் இல்லையா சார்?”

“அந்தப் பையனோட அக்கா குடும்பம் இங்க இருக்கே. அக்கா குடும்பம் இருந்தா அவனும் குடும்பஸ்தன்.”

“மற்ற இரண்டு பேர்?”

“குடும்பஸ்தனோட விருந்தாளிகள். விருந்தாளிக்கு அட்டவணையில வரம்பு இல்லை.”

ஷ்யாம் லிஃப்டில் என்னிடம் மாட்டிக்கொண்டான். கதவு மூடிவிட்டதால் வெளியே போக முடியவில்லை.

“மச்சான், தப்பா எடுத்துக்காத. மச்சினன்டா. வீட்ல ஒரே பிரஷர். நீ தனி ஆளு, எங்க வேணா இருந்துக்குவ.”

“நீ சொல்லித்தானே கப்பிள் என்று போட்டேன்.”

“நான் ஐடியாதான்டா குடுத்தேன். அப்ளை பண்ணது நீ.”

லிஃப்ட் நின்றது. நான் இறங்கினேன். அவனும் அதே மாடியில்தான் இறங்க வேண்டும். இறங்காமல் மேலே போனான்.

மாலையில் ரோஹிணி கதவைத் தட்டினாள். கையில் ஜெரூஷாவின் புட்டுக்குழாய். எப்போதோ இரவல் வாங்கியது.

“இது உங்களோடது. மறந்துட்டேன்னு இருக்கக் கூடாதில்ல.”

வாங்கிக்கொண்டேன். அவள் இன்னும் ஏதோ சொல்வாள் போல நின்றாள். எதிர்க் கதவு திறந்திருந்தது. உள்ளே டிவியின் சத்தம் சட்டென்று குறைந்தது.

“கழுவித்தான் வெச்சிருக்கேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு படுக்கையறை வீடு இருப்பதாகப் புரோக்கர் சொன்னார். போனில் பேசினோம்.

“எத்தன பேர் சார்?”

“ஒருவர்.”

“ஒருத்தரா? ஏன் சார், ஃபேமிலி வரலையா?”

“மனைவி இறந்துவிட்டாள்.”

சொல்லிவிட்டேன். அந்த வாக்கியம் அவ்வளவு சின்னது என்று அதுவரை தெரியாது.

“அடடா. சாரி சார்.” என்றவர், அடுத்ததாகக் கேட்டார்: “நான்-வெஜ் சாப்புடுவீங்களா?”

காலி செய்யும் நாளில் குட்டி யானை வண்டி ஒன்று போதுமாக இருந்தது. கட்டில், பீரோ, துணி காயப்போடும் ஸ்டாண்டு, சமையல் சாமான். தலையணைகளை நான் முன்சீட்டில் வைத்துக்கொண்டேன். யாரும் கீழே இறங்கி வரவில்லை. சி பிளாக் பால்கனியிலிருந்து அந்த மூன்று இளைஞர்கள் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கேட்டில் சிட்டிபாபு வண்டியை நிறுத்தினார்.

“சார், பேஜாரா கீது. ஊட்டு சாமான் வெளிய போவணும்னா, ஊட்ல கீற பெரியவங்க எல்லாரும் ஆப்ல ஓகே குடுக்கணும். உன்து வந்துச்சு. மேடம்து வர்ல.”

“என்ன சொல்கிறீர்கள்?”

“இங்க பாரு சார், நீயே பாரு.” போனைக் காட்டினார். என் பெயருக்கு எதிரே பச்சை. ஜெரூஷாவின் பெயருக்கு எதிரே ‘காத்திருக்கிறது’ என்று இருந்தது. “எனக்குத் தெரியாதா சார்? ஆனா பச்ச வராம தொறந்தா என் சம்பளத்துல கைய வைப்பாரு பெரிசு.”

தலைவருக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டார். நான் பேசினேன்.

“சார், ஜெரூஷா இங்கே வசிக்கவில்லை என்று நீங்கள்தானே தீர்மானம் போட்டீர்கள்?”

“போட்டோம். அதுல மாற்றுக் கருத்து இல்லை.”

“பிறகு எதற்கு அவளுடைய ஒப்புதல்?”

“தீர்மானம் வேற, சிஸ்டம் வேற மிஸ்டர் எபிநேசர். சிஸ்டத்துல ஒருத்தர் பேரை எடுக்கணும்னா அவா போன்லேர்ந்துதான் எடுக்க முடியும். யாரை வேணா யார் வேணா எடுத்துடலாம்னா அப்பறம் பாதுகாப்புக்கு என்ன அர்த்தம்? உங்க மனைவியோட நன்மைக்காகத்தான் அந்த விதியே இருக்கு.”

வைத்துவிட்டார். வண்டிக்குப் பின்னால் ஒரு தண்ணீர் லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. சிட்டிபாபு என்னைப் பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு பட்டனை மறுபடி அழுத்தினார்.

என் சட்டைப்பையில் அவள் போன் அடித்தது.

எடுத்தேன். ‘உங்கள் வீட்டிலிருந்து பொருட்கள் வெளியே செல்கின்றன. கொண்டு செல்பவர்: எபி (கணவர்). அனுமதிக்கிறீர்களா?’

அனுமதித்தேன். திரை மாறியது. ‘திரும்பி வருமா?’

ஹாரன் நிற்கவில்லை. வண்டிக்காரர், “இன்னா சார், கெளம்பலாமா?” என்றார்.

அவள் விரல் படும் இடத்தில் என் விரலை வைத்து, ‘வராது’ என்பதை அழுத்தினேன்.

“மேடம் ஓகே பண்ட்டாங்க சார்” என்று சொல்லி, சிட்டிபாபு கேட்டைத் திறந்தார்.